இந்தப் பெயரில் இருப்பவர் யார்? – நூலகங்களும் இணைப்புத் தரவும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஸ்டாக்ஹோமில் இப்போது மாலை நான்கு மணி. டொரொண்டோவில் காலைக் காப்பியோடு அமர்ந்திருப்பவர்களுக்கும், சென்னையில் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்திருப்பவர்களுக்கும், சிட்னியில் தூக்கத்தைத் தியாகம் செய்திருப்பவர்களுக்கும் நன்றி.

தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "நீங்கள் கதை எழுதுகிறவர், நர்ஸ் வேலை பார்க்கிறவர். நூலகத் தொழில்நுட்பத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். நான் நூலகவியல் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா படித்தவள். ஆனால் இந்த விஷயத்தின் மையத்தில் இருக்கும் சிக்கலை இருபது வருடங்களுக்கும் மேலாக வார்டில் பார்த்துவருகிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நோயாளிக்கு மருந்து கொடுக்கப் போகும்போது நாங்கள் பெயரை மட்டும் நம்புவதில்லை. பெயரைக் கேட்போம், பிறந்த தேதியைக் கேட்போம், கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள எண்ணைப் பார்ப்போம். பத்து நிமிடத்துக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவராக இருந்தாலும் மறுபடியும் கேட்போம். நர்சிங் பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று. பெயர் வேறு, ஆள் வேறு. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கலாம்.

சுவீடனில் 1947 முதல் ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மருத்துவமனையில் எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்கும். எண் இல்லாதவர்கள், அதாவது பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் போன்றோருக்குத் தற்காலிக எண் ஒன்று கொடுப்பார்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பல வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) பெனிசிலின் வகை மருந்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தது. நான் தமிழில், "ஐயா, ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டேன். "போன முறை வந்த நேரமே சொன்னனான் பிள்ளை, பெனிசிலின் எனக்கு ஒத்துவராது எண்டு" என்றார்.

தேடிப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. முதல் முறை வந்தபோது அவருடைய அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதி ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி வேறொரு எண். ஒவ்வாமைக் குறிப்பு முதல் எண்ணில் பத்திரமாக இருந்தது. இரண்டாவது எண்ணில் படுத்திருந்தவர் வேறு ஆள். கணினியைப் பொறுத்தவரை அப்படித்தான். இருக்கிற தகவல் இருக்க வேண்டிய ஆளோடு சேராமல் போனால், அந்தத் தகவல் இல்லாததற்குச் சமம். இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான்.

இனி நூலகத்துக்குப் போவோம். எங்கள் பகுதி நூலகத்துக்கு யாரோ ஒரு பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்களைக் கொடுத்திருந்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏதோ தலைப்பை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். அந்த நூலகர் கேட்ட முதல் கேள்வி வேறு. இரண்டு புத்தகங்களைக் காட்டி, "இந்த இரண்டையும் எழுதியது ஒரே ஆளா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வார்டு ஞாபகம் வந்தது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிய நூலகப் பட்டியலின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் மர இழுப்பறைகளில் அட்டைகள் இருந்தன. 1960களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஏவ்ரம் என்ற கணினி நிரலாளர் அந்த அட்டையைக் கணினி படிக்கும்படி மாற்ற ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதன் பெயர் மார்க். ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண்: 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். உலகத்தின் பெரும்பாலான நூலகங்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு நூலகம் எழுதிய பதிவை இன்னொரு நூலகம் நகலெடுத்துக்கொள்ள முடிந்தது மிகப் பெரிய சாதனை.

ஆனால் மார்க் பதிவு அடிப்படையில் ஓர் அட்டைதான். அதில் ஆசிரியர் இருப்பது எழுத்துகளின் வரிசையாக. ஒரே ஆளை எப்போதும் ஒரே மாதிரி எழுத நூலகங்கள் தனியாகப் பெயர்க் கோப்புகளைப் பராமரித்தன. ஐரோப்பியப் பெயர்களுக்கு அது ஓரளவு சரியாக வேலை செய்தது. நம் பெயர்களிடம் வரும்போதுதான் திணறியது.

சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். ரங்கராஜன் என்பது அவர் பெயர். அப்போது குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வைத்த பெயர், இன்று தேடினால் நடிகை சுஜாதாவையும் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கல்கி இன்னும் சிக்கல். 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கி, 1941இல் தொடங்கிய வார இதழும் கல்கி, விஷ்ணுவின் பத்தாவது அவதாரமும் கல்கி. ஒரு மனிதர், ஒரு பத்திரிகை, ஒரு தெய்வம். மூன்றுக்கும் மூன்றே எழுத்து.

ரோமன் எழுத்தில் மாற்றும்போது கதை மேலும் நீளும். பல மேற்கத்திய நூலகங்கள் பின்பற்றும் முறையில் ச என்ற எழுத்து எப்போதும் 'சி' என்ற ஆங்கில எழுத்தால் எழுதப்படும். ந்த என்பதில் வரும் த 'டி' ஆகும். ஆகவே சுந்தர ராமசாமியைத் தேடுகிறவர் 'எஸ்' எழுத்தில் தேடினால் அகப்பட மாட்டார். 'சி யு என் டி' என்று தொடங்க வேண்டும். எந்தத் தமிழருக்கு இது தானாகத் தோன்றும்?

எங்கள் வீட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். நான் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்களுக்கு யோவான், பேதுரு, பவுல். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்பார். இவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றே எட்டு வயதுவரை நினைத்திருந்தேன். மூவரும் அதே மூவர் என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்துகளை எவ்வளவு ஒப்பிட்டாலும் சின்னப்பரிலிருந்து பவுலுக்குப் போக முடியாது.

இணைப்புத் தரவு, ஆங்கிலத்தில் லிங்க்ட் டேட்டா என்கிறார்களே, அது இந்த இடத்தில்தான் வருகிறது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் 2001இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 'செமாண்டிக் வெப்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பொருளுணர் வலை என்று சொல்லலாம். மனிதர் படிக்கும் பக்கங்களாக மட்டும் இல்லாமல், எது எதைக் குறிக்கிறது என்று கணினிக்கும் விளங்கும் வலை. அந்தக் கட்டுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு தாய்க்கு உடற்பயிற்சி சிகிச்சை தேவைப்படுகிறது. மகனும் மகளும் அதற்கு நேரம் ஒதுக்கித்தரும்படி தங்கள் கணினி உதவியாளர்களிடம் சொல்கிறார்கள். படித்தபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல இருந்தது.

2006இல் பெர்னர்ஸ்-லீ இதற்கு நான்கு எளிய விதிகளை எழுதினார். என் பாஷையில் சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும், நூலுக்கும் ஓர் அடையாளக் குறி கொடு. கைப்பட்டை கட்டுவது மாதிரி. இரண்டு, அந்தக் குறி ஓர் இணைய முகவரியாக இருக்கட்டும். மூன்று, அந்த முகவரிக்குப் போனால் பயனுள்ள தகவல் கிடைக்கட்டும். நான்கு, அங்கிருந்து மற்ற முகவரிகளுக்கு இணைப்பு கொடு.

இணைப்பு என்பது வெறும் கோடு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். பள்ளியில் படித்த எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். 'கல்கி பொன்னியின் செல்வனை எழுதினார்.' இங்கே கல்கி என்பது எழுத்துகள் இல்லை. அந்த மனிதருக்கான முகவரி. 'பொன்னியின் செல்வன் கல்கியில் வெளிவந்தது.' இங்கே வரும் கல்கிக்கு வேறு முகவரி, அது பத்திரிகை. 'மணியம் அதற்கு ஓவியம் வரைந்தார்.' 'மணிரத்னத்தின் 2022, 2023 படங்கள் அதைத் தழுவியவை.' இப்படி வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் அட்டை மறைந்து ஒரு வலை உருவாகும். படத்தைப் பார்த்துவிட்டு வருகிற இளைஞர் மணியத்தின் ஓவியத்துக்குப் போகலாம், அங்கிருந்து 1950களின் இதழ்களுக்குப் போகலாம்.

மார்க்கின் இடத்துக்கு வருவதற்காக காங்கிரஸ் நூலகம் உருவாக்கிய அமைப்பின் பெயர் பிப்ஃபிரேம். அது நூலை மூன்று நிலைகளில் பார்க்கிறது: படைப்பு, பதிப்பு, கையில் இருக்கும் பிரதி. தமிழ் வேதாகமத்தை யோசித்துப் பாருங்கள். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு ஒரு மொழிபெயர்ப்பு. இன்று தேவாலயங்களில் வாசிப்பது வேறு மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பல பதிப்புகள். என் பாட்டி ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி வைத்த பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்று. பழைய அட்டையில் இவை எல்லாம் ஒரே தாளில் நெருங்கிக் கிடக்கும். புதிய முறையில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று, ஒன்றையொன்று சுட்டும்.

இது வெறும் திட்டம் இல்லை. சுவீடன் தேசிய நூலகம் தன் கூட்டுப் பட்டியலான லிப்ரிஸை 2008லேயே இணைப்புத் தரவாக வெளியிட்டது. 2018இல் பட்டியலின் உள்கட்டமைப்பையே பிப்ஃபிரேம் அடிப்படையிலான முறைக்கு மாற்றியது. ஒரு தேசிய நூலகம் முழுமையாக அப்படி மாறியது அதுவே முதல் முறை. காங்கிரஸ் நூலகம் 2009இல் தன் பொருள் தலைப்புகளை முகவரிகளோடு இணையத்தில் திறந்தது. பிரான்ஸ் தேசிய நூலகம் 2011 முதல் ஆசிரியர்களுக்கும் படைப்புகளுக்கும் தனிப் பக்கங்கள் தருகிறது. பல நாட்டு நூலகங்களின் பெயர்க் கோப்புகளைச் சேர்த்து, இந்த நாட்டில் இப்படி எழுதப்படுபவரும் அந்த நாட்டில் அப்படி எழுதப்படுபவரும் ஒருவரே என்று சொல்லும் வயாஃப் என்ற கோப்பு 2003இல் தொடங்கப்பட்டது.

அன்று எங்கள் நூலகர் திரையைக் காட்டியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரைத் தட்டவில்லை. ஏற்கெனவே முகவரி உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது புதியவரை உருவாக்க வேண்டும். அதனால்தான், "ஒரே ஆளா?" என்ற கேள்வி.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் ஓர் ஆசை வந்தது. என் அப்பா பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். 1974இல் சிறுவர்களுக்காக ஒரு சிறு பாடல் நூல் எழுதி உள்ளூர் அச்சகத்தில் போட்டார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. ஒரு மழையில் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். இணையத்தில் தேடினேன். தமிழில் தேடினால் ஒன்றும் இல்லை. நூலகர் சொல்லிக்கொடுத்த முறையில் ரோமன் எழுத்தில் தேடினேன். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது!

பாளையங்கோட்டையில் முந்நூறு பிரதி போட்ட புத்தகம் அமெரிக்காவுக்கு எப்படிப் போனது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியா இறக்குமதி செய்த அமெரிக்கத் தானியத்துக்கு ரூபாயில் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியில், பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ், 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. கோதுமையோடு கணக்கில் சேர்ந்து அப்பாவின் பாட்டுப் புத்தகமும் கப்பல் ஏறியிருக்கிறது.

சந்தோஷத்தோடு ஆசிரியர் பெயரைச் சொடுக்கினேன். அப்பா பிறந்த ஆண்டு 1889 என்று இருந்தது. அவர் பிறந்தது 1944இல். அவர் எழுதியதாக இன்னொரு புத்தகமும் இருந்தது: 1912இல் அச்சான ஒரு பிரசங்கத் தொகுப்பு. பிறப்பதற்கு 32 வருடங்களுக்கு முன்னாலேயே அப்பா பிரசங்கம் செய்திருக்கிறார்! எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இருவருக்கு இருக்கும் பெயர் அப்பாவுக்கு. முன்னெழுத்தும் ஒன்றே. யாரோ ஒருவர், எப்போதோ, இருவரையும் ஒருவர் என்று முடிவுகட்டியிருந்தார். அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரை இரண்டாக்கியிருந்தார்கள். என் அப்பாவை இன்னொருவரோடு ஒன்றாக்கிவிட்டார்கள்.

இணைப்புத் தரவில் மிகவும் ஆபத்தான வாக்கியம் 'இவரும் அவரும் ஒருவரே' என்பதுதான். அதை ஒருமுறை சொல்லிவிட்டால் கணினி சந்தேகப்படாது. ஒருவரைப் பற்றிய அத்தனையையும் மற்றவர்மேல் ஏற்றிவிடும். அதை நம்பும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்தத் தவறு போகும்.

நூலகத்துக்கு எழுதினேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழின் நகலையும், தலைப்புப் பக்கத்தை ஒப்பிட வேண்டிய விவரங்களையும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பணிவான பதில் வந்தது. இருவரையும் பிரித்து, அப்பாவுக்குத் தனி அடையாளம் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் இந்தத் தொழில்நுட்பம் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த அடையாளத்தோடு இணைத்திருந்த தளங்களில் தகவல் தானாகச் சரியாகிவிட்டது. பழைய முறையில் பதிவை நகலெடுத்து வைத்திருந்த இடங்களில் அப்பா இன்னமும் 1889இல்தான் பிறந்திருக்கிறார். அவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். நகலெடுத்தால் தவறு நிலைத்துவிடும். இணைத்தால் தவறும் பரவும், திருத்தமும் பரவும்.

ஆனால் திருத்தத்தை யார் சொல்வது? அவர் பாடல் ஆசிரியர், இவர் போதகர் என்று எந்தக் கணினிக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் மகள். நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோரைப் பற்றி அப்படித் தெரிந்தவர்கள் இந்தத் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்பது பலருக்கும் தெரியும். உங்கள் ஊர்ச் சிறுபத்திரிகையில் மூன்று பெயர்களில் கவிதை எழுதியவர் யார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எனவே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். விக்கித்தரவு என்ற தளம் 2012 முதல் இருக்கிறது, யாரும் திருத்தலாம். ஒவ்வொரு ஆளுக்கும் நூலுக்கும் அங்கே ஓர் எண் உண்டு; எல்லா மொழியிலும் பெயர் எழுதலாம்; நூலகங்களின் அடையாள எண்களையும் அதில் சேர்க்கலாம். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவருக்கு அங்கே தமிழ்ப் பெயர் இருக்கிறதா, பிறந்த ஆண்டு சரியா, வேறொருவரோடு கலந்துவிட்டாரா என்று பாருங்கள். ஆதாரத்தோடு மட்டும் திருத்துங்கள். ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் தருகிறது. ஆதாரம் தேட அது நல்ல இடம்.

புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிப்பு விவரப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தமிழிலும், நீங்கள் விரும்பும் ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள். விருப்பமிருந்தால் பிறந்த ஆண்டையும் போடுங்கள். படைப்பாளிகளுக்கென்றே இஸ்னி என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கையில் பட்டை கட்டிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும்.

கடைசியாக, ஒரு நர்ஸாக ஓர் எச்சரிக்கை. நோயாளியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் வெளியே சொல்வதில்லை. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரிந்தாலும், அதை அவரே வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்து எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் எழுதும் பெண்கள் இன்றும் உண்டு. 'இவரும் அவரும் ஒருவரே' என்ற வாக்கியம் ஒருவருக்கு வாசகர்களைக் கொண்டுவரலாம். இன்னொருவரின் வீட்டு வாசலுக்கு ஆபத்தைக் கொண்டுவரலாம். அவரால் அனுமதி சொல்ல முடியும் என்றால் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

திருத்திய பக்கத்தைப் போன வாரம் வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அப்பா பெயரையும் பக்கத்தில் இருந்த 1944ஐயும் ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்தப் பிரசங்கியார் யாரு, பாவம்? அவரு புத்தகத்தையும் அவரு பேருல சரியாப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டுவிட்டார்கள் என்றேன். அந்த மனிதரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது. அவருக்கும் எங்கேயாவது ஒரு பேரனோ பேத்தியோ இருக்கக்கூடும். இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தேடிப் பாருங்கள். இப்போது அவர் அங்கே தனியாக, தன் பெயரில் இருக்கிறார்.

கேள்விகள் இருந்தால் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.